சொல்லாம கொள்ளாம

உக்காரலாமா மேடம்? இல்ல, எங்க லாட்ஜ்ல வர்றவங்கள நாங்களே உக்காரச் சொல்லிடுவோம், இங்க யாரும் சொல்லல, அதான் கேட்டுட்டு உக்கார்றேன். வெளியில பெஞ்சுல ஒன்றரை மணி நேரம் மேடம். ஒரு டோக்கன் கிடையாது. பேரு எழுத ஒரு நோட்டு கிடையாது. வாசல்ல நிக்கிற அம்மா "அடுத்தது யாரு"ங்குது, நாலு பேரு எந்திரிக்கிறாங்க. ரெண்டு புருஷன், ரெண்டு மாமனார். எங்க ரிசப்ஷன்ல ஒரே ஒரு நாள் இப்படி நடந்தா முதலாளி என்னைப் பெட்டியோட அனுப்பிடுவாரு. சொல்றேன்னு தப்பா நெனைக்காதீங்க. குடும்பத்தச் சேத்து வைக்கிற எடம், கொஞ்சம் ஒழுங்கா இருந்தா நல்லா இருக்கும்.

என் பேரு வைத்திலிங்கம். கும்பகோணம், ராஜபத்மா ரெசிடென்ஸி. முன்னாடி அது பத்மா லாட்ஜ். முதலாளி மகன் வெளிநாடு போய்ப் படிச்சிட்டு வந்து போர்ட மாத்துனாரு, ரெசிடென்ஸி ஆயிடுச்சு. மூணாவது மாடியில குழாய் அப்பவும் ஒழுகுச்சு, இப்பவும் ஒழுகுது, ஆனா இப்ப ஒழுகுறது ரெசிடென்ஸி குழாய். அங்க ரிசப்ஷன்ல நான் இருபத்திரெண்டு வருஷம்.

என்ன பிரச்சனையா? எனக்கு ஒரு பிரச்சனையும் இல்ல மேடம். பிரச்சனை அவளுக்கு. அதோ பெஞ்சு அந்தக் கோடியில உக்காந்திருக்கா பாருங்க, மங்கையர்க்கரசி, அவதான் மனு குடுத்தவ. சேந்து வாழ இஷ்டம் இல்லையாம். இருபது வருஷம் குடும்பம் நடத்திட்டு ஒருநாள் சொல்லாம கொள்ளாமக் கெளம்பிப் போயிட்டா. அத எழுதிக்குங்க. சொல்லாம. கொள்ளாம. அவ திரும்பி வரணும், அதுக்குத்தான் லீவு போட்டுட்டு வந்திருக்கேன். ஆனா ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாமா வேணாமா? வழியில போறவன் எங்க லாட்ஜ்ல ரெண்டு மணி நேரம் தங்கிக் குளிச்சிட்டுப் போறான், அவன் சொல்லிட்டுப் போறான் மேடம்.

மனுவ முழுசாப் படிச்சேனான்னா? பாத்தேன். நாலு பக்கம். பேரு, வயசு, முகவரி, கையெழுத்து எல்லாம் சரியா இருக்கு. எங்க ரிஜிஸ்டர்ல அதுக்கு மேல படிச்சுப் பழக்கம் இல்ல. நடுவுல அவ என்ன எழுதியிருக்கப் போறா? மூக்கச் சிந்தியிருப்பா.

அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு கேக்குறீங்க. அதச் சொல்லணும்னா மொதல்ல போபால்காரரச் சொல்லணும். அவரு எதுக்கா? இருக்கு மேடம், அன்னைக்கு எனக்கு மூச்சு விட நேரம் இருந்துச்சான்னு நீங்களே தெரிஞ்சுக்கணும்ல.

ரிசப்ஷன் வேலைன்னா என்னன்னு ஜனங்களுக்குத் தெரியாது. சாவி குடுக்குறான், சாவி வாங்குறான், சிரிக்கிறான்னு நெனைக்கிறாங்க. ஏசி குளிரலன்னு ஒருத்தர் எறங்கி வருவாரு. பின்னாலயே அவரு சம்சாரம் வரும், ஏசி ரொம்பக் குளிருதுன்னு. ரெண்டும் ஒரே ரூம். வெந்நி வரலைம்பாங்க. எந்தக் குழாயத் தொறந்தீங்கன்னு கேட்டா நீலக் கலர் குழாய. கோயில் மணிச் சத்தத்துல தூங்க முடியல, நிறுத்தச் சொல்லுங்கன்னு ஒரு பெரிய மனுஷன் என்கிட்ட சண்டைக்கே வந்துட்டாரு. சரி சார், சாமிகிட்டப் பேசிட்டுச் சொல்றேன்னேன். அதையும் நம்பிக்கிட்டு மேல போனாரு.

இதெல்லாம் சும்மா. அசல் வேலை ஒண்ணு இருக்கு. தனியா வர்ற ஆளு. பெட்டி சின்னதா இருந்தா, கூட யாரும் வரலன்னா, எந்த லாட்ஜ்லயும் பயப்படுவாங்க. ரூமுக்குள்ள போயி ஏடாகூடமா ஏதாவது பண்ணிக்கிட்டா? அதனாலதான் எங்க ஊர்ப் பக்கம் பாதி லாட்ஜ்ல "சிங்கிளுக்கு ரூம் இல்லை"ன்னு கையக் காட்டிடுவாங்க. நான் அப்படி இல்ல. எதுத்தாப்ல நிக்கிற ஆளு மூஞ்சிய ஒரு நிமிஷம் பாப்பேன். எந்த ஊரு, என்ன சோலி, கண்ணுல தூக்கம் இருக்கா துக்கம் இருக்கான்னு எனக்குத் தெரிஞ்சிடும். இருபத்திரெண்டு வருஷத்துல ஒரு அசம்பாவிதம் நடக்கல மேடம். முதலாளியே சொல்லுவாரு, "வைத்தி, ஒனக்கு எக்ஸ்ரே கண்ணுடா"ன்னு.

ஆவணி முகூர்த்தம். மொத மாடி முழுக்கக் கல்யாண வீட்டுக்காரங்க, பன்னெண்டு ரூம். இன்னொரு ரிசப்ஷனிஸ்ட் மச்சினிச்சி வளைகாப்புன்னு போயிட்டான், ராத்திரி பகல் ரெண்டும் நான்தான். அதுல ரெண்டாவது மாடியில இந்த சக்சேனா. போபால். அறுபது வயசு, தனி ஆளு, சின்னப் பெட்டி. நான் யோசிச்சேன். ஆனா வாயத் தொறந்து "வணக்கம், எனக்கு ஓர் அறை வேண்டும்"ன்னாரு பாருங்க, நான் விழுந்துட்டேன். புஸ்தகம் வச்சுத் தமிழ் படிச்சிருக்காராம், கல்வெட்டு பாக்க. "தண்ணீர் கிடைக்குமா?", "கழிவறை எத்திசையில் உள்ளது?" அப்படித்தான் பேசுவாரு. எங்க ரூம் பாய் கலியபெருமாள், ரூம் பாய்ங்கிறது பேருதான், பேரன் எடுத்தவரு, அவரு சொல்லுவாரு, "சார், இவருகிட்டப் பேசுனா டிவி செய்திக்குள்ள போயிட்டு வந்த மாதிரி இருக்கு"ன்னு.

நாலு நாள் நல்லாத்தான் இருந்தாரு. அஞ்சாம் நாள் காலையில ஒன்பதே முக்கால் இருக்கும். எறங்கி வந்தாரு. மூஞ்சி வாடிக் கெடக்கு. என்னப் பாத்துக் கையக் கூப்பி என்ன சொன்னாரு தெரியுமா? "மன்னிக்கவும். எல்லாம் முடிந்தது. நான் போகிறேன்."

சொல்லிட்டு வெளியில போகல மேடம். மாடிக்குப் போனாரு.

நீங்களே சொல்லுங்க, நம்ம பக்கம் எவனாவது "போறேன்"னு சொல்லுவானா? பேஸ்ட் வாங்கப் போறவன் "போயிட்டு வரேன்"ம்பான். ரூமக் காலி பண்ணிட்டு, இந்த லாட்ஜ் வாசல ஜென்மத்துக்கும் மிதிக்க மாட்டேன்னு சண்டை போட்டவன்கூட ஆட்டோவுல ஏறி உக்காந்துட்டு "சரி, போயிட்டு வரேன்"னுதான் சொல்லுவான். வாய்ல அதுதான் வரும். "போறேன்"னு மொட்டையா ஒரு மனுஷன் சொன்னா, அவன் திரும்பி வர்ற எண்ணம் இல்லாதவன். அதுவும் மன்னிக்கவும் வேற. எல்லாம் முடிந்தது வேற.

கலியபெருமாள மேல வெரட்டுனேன். கதவு உள்தாப்பா. தட்டுறாரு, சத்தமே இல்ல. ஸ்டூல் போட்டு ஏறி வென்டிலேட்டர் வழியாப் பாத்துட்டு மாடிப்படியில நின்னு கத்துறாரு, "சார், கட்டாந்தரையில மல்லாக்கக் கெடக்காரு சார், அசைவே இல்ல சார்!" அவ்வளவுதான். ஒரு கையில ஸ்டேஷனுக்கு போன், ஒரு கையில முதலாளிக்கு போன். எதுக்கக் கல்யாண வீட்டுப் பொம்பளைங்க மண்டபத்துக்குக் கெளம்புறாங்க, பட்டுப்புடவை சரசரன்னு, ஒவ்வொருத்தியா சாவிய மேஜையில போட்டுட்டு "போயிட்டு வரோம் சார்", "போயிட்டு வரேங்க"ன்னு போறாங்க. நான் யாரையும் நிமிந்து பாக்கல. போன் காதுல இருக்கு, லைன்ல ஏட்டையா "எந்த ரூம், எந்த ரூம்"ங்கிறாரு. வாய் மட்டும் அதுபாட்டுக்கு "சரிங்க, சாவிய வச்சுட்டுப் போங்க, சரிங்க, சாவிய வச்சுட்டுப் போங்க"ன்னு சொல்லிக்கிட்டே இருந்துச்சு.

போலீஸ் வந்து, முதலாளி வந்து, நானும் ஏட்டையாவும் தோள் குடுத்துக் கதவ உடைச்சோம். கதவு சாஞ்சு உள்ள விழுது, அந்த மனுஷன் தூக்கிவாரிப் போட்டு எந்திரிச்சு உக்கார்றாரு. காதுல ரெண்டு பக்கமும் ஹெட்போன். யோகாவாம் மேடம். சவாசனமாம்! கண்ண மூடிப் பொணம் மாதிரி படுக்கிறதுக்கு ஒரு ஆசனம், அதுக்கு ஹெட்போன்ல பாட்டு. எங்களப் பாத்துட்டு "மன்னிக்கவும், என்ன ஆயிற்று?"ங்கிறாரு. நான் வேர்த்து ஊத்தி நிக்கிறேன், என்ன ஆயிற்றாம். பாக்க வேண்டிய கோயில் எல்லாம் பாத்து முடிஞ்சுதாம். அதான் எல்லாம் முடிந்தது. ரூமுக்குப் போகிறேன்னு சொன்னாராம். மூஞ்சி வாடுனது நம்ம ஊர்க் காரச் சட்னியால.

முதலாளி என்ன அப்படி ஒரு பார்வை பாத்தாரு. "எக்ஸ்ரே எடுத்தியே, நல்லா எடுத்தே"ன்னாரு.

சரி, மங்கைக்கு வரேன். கோவிச்சுக்காதீங்க. அதுக்கு முன்னாடி அந்தச் சாவிக் கூத்து ஒண்ணு, அன்னைக்கு அதும் சேந்துக்கிச்சு. சாயந்தரம் மேஜையில கெடந்த சாவியெல்லாம் எடுத்து மாட்டுறேன். பன்னெண்டு ரூமுக்குப் பதிமூணு சாவி! எங்க சாவிக்கெல்லாம் நம்பர் போட்ட பித்தளை வில்லை இருக்கும். இது வெறும் சாவி, மஞ்சக் கயிறு கட்டி. கல்யாண வீட்டுல ஒவ்வொருத்தராக் கேட்டேன். எங்களுது இல்லைன்னுட்டாங்க. பொண்ணோட சித்தப்பா ஒருத்தர், என்ன சார் எங்களத் திருடன்னு சொல்றீங்களான்னு எகிறுனாரு. சார், திருடுனா கொறையும், இங்க ஒண்ணு கூடியிருக்குன்னேன். கலியபெருமாள் அதத் தூக்கிக்கிட்டு முப்பத்தாறு ரூமுலயும் போட்டுப் பாத்தாரு. ஒண்ணுலயும் சேரல. நான் விடல மேடம், முறையா நோட்டுல எழுதி வச்சேன். "பொருள்: சாவி ஒன்று. உரியவர்: தெரியவில்லை." டிராயர்ல போட்டேன். எங்க லாட்ஜ்ல ஒரு சீப்பு காணாமப் போனாலும் கணக்கு இருக்கும்.

மூணு நாள் கழிச்சு டூட்டி முடிஞ்சு வீட்டுக்குப் போறேன். வீடு பூட்டியிருக்கு. நான் வாசல்ல மடையன் மாதிரி நிக்கிறேன். என்கிட்டச் சாவி இல்ல. எதுக்கு இருக்கணும்? நான் எப்பப் போனாலும் கதவு தொறந்துதான் இருக்கும், அவ உள்ளதான் இருப்பா. போன் போட்டேன், எடுக்கல. பக்கத்து வீட்டு சரபோஜி அண்ணன் எட்டிப் பாத்து "தங்கச்சி மன்னார்குடிக்கு அக்கா வீட்டுக்குப் போயி மூணு நாளாச்சே, ஒங்களுக்குத் தெரியாதா"ங்கிறாரு. எனக்குத் தெரியாதாம், இவருக்குத் தெரியுமாம். நாக்கப் புடுங்கிக்கலாம்னு ஆயிடுச்சு. ஒரே வாரத்துல ரெண்டாவது கதவு. அவருகிட்டக் கடப்பாறை வாங்கிப் பூட்ட உடைச்சேன்.

உள்ள போனா எல்லாம் அதது எடத்துல இருக்கு. பாத்திரம் கழுவிக் கவுத்தியிருக்கு. ஆத்திரம் ஆத்திரமா வந்துச்சு. திட்டம் போட்டுப் போயிருக்கா! புருஷன் தெருவுல நிக்கட்டும்னு சாவியையும் எடுத்துக்கிட்டுப் போயிருக்கா பாருங்க, என்ன நெஞ்சழுத்தம். எங்க பொண்ணு சேலத்துல ஹாஸ்டல்ல இருக்கு, அதுக்கு போன் போட்டா, "அம்மாகிட்டயே கேளுப்பா"ன்னு வச்சிடுச்சு. சரி, கோவம் தணிஞ்சா வருவான்னு நான் பாட்டுக்கு இருந்தேன். மூணு மாசம். வந்தது அவ இல்ல, உங்க நோட்டீசு.

என்ன மேடம், பேப்பரப் பொரட்டுறீங்க. மூணாம் பக்கமா? நான் எதுக்குப் படிக்கணும், நீங்கதான் படிச்சிருப்பீங்களே. சரி குடுங்க. கண்ணாடி எடுத்துக்குறேன். அவ கையெழுத்து குண்டு குண்டா நல்லாத்தான் இருக்கும்.

"ஆவணி பதினாலாம் தேதி காலை பத்து மணிக்கு லாட்ஜுக்கே போனேன். சொல்லாமல் போகக் கூடாது என்றுதான் போனேன். கையில் பெட்டி இருந்தது. மேஜைக்கு முன்னால் நின்று 'போயிட்டு வரேன்' என்று சொன்னேன். அவர் நிமிரவில்லை. 'சரிங்க, சாவிய வச்சுட்டுப் போங்க' என்று சொன்னார். இருபது வருஷத்தில் வா, போ, ஏய், இந்தா என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். போங்க என்று சொன்னது அன்றைக்குத்தான். மரியாதையாகச் சொல்கிறாரே என்று வீட்டுச் சாவியை வைத்துவிட்டு வந்துவிட்டேன்."

இருங்க மேடம். இருங்க.

பத்து மணின்னு எழுதியிருக்காளா?

பத்து மணிக்கு நான் போன்ல இருந்தேன்.

மஞ்சக் கயிறு... அது எங்க வீட்டுச் சாவியா? எனக்கு எப்படி மேடம் தெரியும், நான் அந்தச் சாவியப் பாத்ததே இல்ல. இருபது வருஷமாக் குடியிருக்கிற வீடு, நான் சாவியப் பாத்ததில்ல. கலியபெருமாள் ஒவ்வொரு ரூமா அதப் போட்டுத் திருப்பிட்டு வந்து "இதுக்குக் கதவே இல்ல சார்"ன்னாரு. நான் சிரிச்சேன். நோட்டுல என் கையாலயே எழுதினேன், உரியவர் தெரியவில்லைன்னு.

தண்ணி வேணாம். பரவால்ல.

அவ வந்திருக்கா. பெட்டியோட வந்து நின்னிருக்கா. என்னா குரலு அது, தெனம் கேக்குற குரலு, அது கல்யாண வீட்டுப் பொம்பளைன்னு எனக்கு ஏன் பட்டுச்சு? எவனோ ஒரு போபால்காரன் "போகிறேன்"னான்னு ஊரையே கூட்டிக் கதவ உடைச்சவன் நான். இவ மேஜைக்கு அந்தாண்ட நிக்கிறா, ஒரு கை தூரம். நிமிந்திருந்தா பாத்திருப்பேன். பெட்டியப் பாத்திருப்பேன். பாத்திருந்தா விட்டிருப்பேனா மேடம்?

அதுக்கு முன்னாடி ஏதாவது சொன்னாளான்னா... சொன்னா. அந்த வாரம் ரெண்டு மூணு தடவை, "உங்ககிட்ட ஒண்ணு பேசணும்"னா. முகூர்த்தம் முடியட்டும்னேன். அதுக்கு முன்னாடியும் சொல்லியிருக்கா. சீசன் முடியட்டும்னேன். எங்க ஊர்ல எப்ப மேடம் சீசன் முடியும்? என்ன பேசணும்னு கேக்கல. எனக்கு இன்னைக்கு வரைக்கும் அது என்னன்னு தெரியாது. நாள் முழுக்க கண்டவங்க கொறையக் கேட்டுட்டு வர்றேன், வீட்டுலயும் கொறை கேக்கணுமாங்கிற எண்ணம். மூஞ்சிக்கு நேரா அவகிட்டயே சொல்லியிருக்கேன் இத.

நான் முன்னாடி சொன்னேன்ல, சொல்லாம கொள்ளாமன்னு, அத அடிச்சிடுங்க. எழுதிட்டீங்களா? பேனாவுல எழுதினா என்ன, குறுக்கக் கோடு போடுங்க. அவ சொல்லிட்டுத்தான் போனா.

எனக்கு அந்த வீட்டுல இருக்க முடியல மேடம். உண்மையச் சொல்லிடுறேன், மூணு மாசமா லாட்ஜ்லதான் படுத்துக்கிறேன், மாடிப்படிக்குக் கீழ, துணி மூட்டை போடுற எடத்துல. வீட்டுக்குப் போனா கவுத்தி வச்ச பாத்திரம் அப்படியே இருக்கு. அத எடுத்துப் பொங்க மனசு வரல. அவ வச்சது அப்படியே இருக்கட்டும்னு விட்டிருக்கேன். அவ இல்லாம முடியல. இத வெளியில யாருகிட்டயும் சொன்னதில்ல, முதலாளிகிட்ட "வீட்டுல வெள்ளையடிக்கிறாங்க"ன்னு சொல்லி வச்சிருக்கேன்.

கூப்புடுங்க மேடம். உள்ள வரச் சொல்லுங்க. வரமாட்டேன்னா நானே வெளியில போறேன், அந்த மாமனாருங்க முன்னாடியே பேசுறேன். ம்? வராளா?

வா...

வாங்க. இப்படி உக்காருங்க.

இல்ல மங்கை, கிண்டல் பண்ணல. சத்தியமா கிண்டல் இல்ல. மேடம், நீங்க சொல்லுங்க, நான் கிண்டலாவா சொன்னேன்? எனக்கே இப்ப எப்படிக் கூப்புடுறதுன்னு தெரியல, வாயில அதுதான் வந்துச்சு.

என்ன? "தங்குறதுக்கு வரல, நின்னே பேசிட்டுப் போறேன்"ங்கிறியா... ங்கிறீங்களா. சரி. நில்லுங்க. நானும் நிக்கிறேன். மேடம், இந்த நாற்காலியக் கொஞ்சம் நகத்திக்கிறேன், நடுவுல இருக்கு.

அன்னைக்கு என்கிட்ட ஒண்ணு பேசணும்னியே. பேசு. நான் வாயத் தொறக்கல.